தூணின் உச்சியில் மகாராசா

முன்னொரு காலத்தில் கொற்றமங்கலத்தை அதிரதவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். ரதமெல்லாம் பெயரில்தான். போர்க்களத்துப் புழுதி அவன் காலில் பட்டதே இல்லை.

ஊர் நடுவே அவன் அப்பன் நட்ட கல்தூண் ஒன்று நின்றது. உச்சியில் கவிழ்ந்த தாமரை, அதன்மேல் நாலு திசையும் பார்க்கும் சிங்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அறச்சக்கரம். மந்திரி ஐயாறனைக் கண்டாலே வயிறெரியும் உத்தமராயன் என்ற சபைப் பிரபு, ஒருநாள் அதைக் காட்டிக் கண்ணைக் கசக்கினான்.

"சிங்கம் என்றால் தாங்கள்தானே, மகாராசா? தங்கள் தலையில் சக்கரத்தை ஏற்றிவிட்டார்களே! இதைத் தினமும் பார்த்துக்கொண்டு மந்திரிக்குச் சோறு எப்படி இறங்குகிறதோ!"

ராசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன ஐயாறரே இது?"

"அரசனுக்கும் மேலே அறம் இருக்கிறது என்று அர்த்தம், மகாராசா."

"எனக்கு மேலே ஒன்றா? சக்கரத்தை இறக்கும்! என் உருவத்தை ஏற்றும்!"

"மனித உருவத்தைக் கல்லில் நிறுத்தினால், நம் குடிகள் வழக்கத்தில்..."

"இன்னொரு வார்த்தை பேசினால் உம் தலையைத்தான் அங்கே ஏற்றுவேன்."

கெடுகுடி சொல் கேளாது என்று ஐயாறன் வாயை மூடிக்கொண்டார். தலைமேல் ஆசை அவருக்கும் உண்டு.

முறுக்கிய மீசையும் ஓங்கிய வாளுமாக ராசா கல்லாகி உச்சிக்கு ஏறினான். "ராசாவின் உருவக்கல் நட்டாயிற்று. குடிகள் வழக்கப்படி மரியாதை செய்யலாம்" என்று மந்திரி பறையறைவித்தார்.

"மக்கள் தங்களைப் பற்றிப் பேசுவதைக் காதாரக் கேட்க வேண்டாமா? முக்காடு போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றும் அழைத்தார். ராசா துள்ளிக்கொண்டு கிளம்பினான். உத்தமராயனும் ஒட்டிக்கொண்டான்.

போய்ப் பார்த்தால், தூணடியில் மயிற்பீலியும் கள்ளுக்குடமும். தலைவிரித்த பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள்!

"என்னம்மா இது?" என்றான் ராசா பதறி.

"கண்ணு தெரியலையா? மனுசன் உருவத்தைக் கல்லுல செதுக்கி நட்டா நடுகல்லுதானே? மகராசன் போய்ச் சேந்துட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏய்யா, சண்டையில செத்தவனுக்குத்தானே நடுகல்லு நடுவாக? இவரு எந்தச் சண்டைக்குப் போனாரு? விருந்துல விக்கியில்ல செத்திருப்பாரு!"

"அடிப்பாவி, நான் சாகவில்லை!" என்று ராசா முக்காட்டை வீசி எறிந்தான். திரும்பிப் பாராமல் விடுவிடுவென்று நடந்தான்.

அரண்மனை திரும்பியதும் உத்தமராயனைப் பிடித்தான். "இது நீ கூட்டிய சாவுதானே? மொட்டையடித்து மீசையை வழித்துக்கொண்டு, அந்தச் சிலைக்கு நீயே காரியம் செய்!"

சக்கரத்தை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி ஐயாறன் கழுத்தில் போட்டான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"தலைக்கு அபயம் தந்தேன், உண்மையைச் சொல்லும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது நிஜமாக அழுதாளா?"

"நிறையப் பேர் அழுதார்கள், மகாராசா" என்றார் ஐயாறன். "தாங்கள் முக்காட்டை எடுத்த பிறகு."