இந்தியாவை அமுக்கியவள்

திருமேனி முப்பத்தோரு வருஷம் பூகோள வாத்தியார். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியவில்லை. இணையத்தில் நடக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குரு தேவசேனா. வயது முப்பத்தெட்டு. பேச்சு கம்மி.

ஒரு நாள் திருமேனி கேட்டார்.

"அம்மா, கட்டுரையில நாட்டுப் பேர் வந்தா எப்ப லிங்க் போடணும்? எப்ப விடணும்?"

"போட்டுப் பாருங்க."

அவ்வளவுதான் பதில்.

செங்கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் எரிந்திருந்தது. அந்தக் கட்டுரையைத் திருமேனியிடம் கொடுத்தார் தேவசேனா. வாத்தியாருக்குக் கொண்டாட்டம். கப்பலில் பனாமா கொடி. முதலாளி கிரீஸ்காரர். எரிந்த இடம் எரித்திரியா பக்கம். மாலுமிகள் ஐந்து நாட்டு ஆட்கள். ஒரு நாட்டையும் விடவில்லை. முப்பத்தாறு இணைப்பு. பக்கமே நீலமாகிவிட்டது.

"எப்படிம்மா இருக்கு?"

"பார்க்கலாம்."

நாலு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தூத்துக்குடியிலிருந்து ரெஜினா என்ற பெண் எழுதியிருந்தாள். தேவசேனா படித்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"கிளம்புங்க சார்."

"எங்கம்மா?"

"பஸ் ஏறுங்க."

தூத்துக்குடியில் ரெஜினாவின் வீடு. அவள் புருஷன் லசார் அந்தக் கப்பலில் எஞ்சின் ஆள். பதினெட்டு நாளாகத் தகவல் இல்லை. ஏஜெண்டு போனை எடுப்பதில்லை.

ரெஜினா கேட்டாள். "கட்டுரை எழுதுனது இந்த சாரா? நெறையப் படிச்சவுகன்னு பாத்தாலே தெரியுது."

திருமேனிக்குக் கொஞ்சம் சந்தோஷம். "என்னம்மா, எதுவும் புரியலையா?"

ரெஜினா போனை நீட்டினாள். 'இறந்தவர்களில் இந்தியா, பிலிப்பைன்ஸ், உக்ரைன் நாட்டவர் அடங்குவர். பெயர்ப்பட்டியல்.' எல்லாம் நீலம்.

"இந்தியான்னு நீலமா இருந்துச்சு. நம்ம ஆளுக பேரு அதுக்குள்ள இருக்கும்னு அமுக்குனேன்."

"சரி."

"தேசிய விலங்கு புலின்னு வந்துச்சு. இன்னும் கீழ போனேன். நூத்தி நாப்பது கோடிப் பேருன்னு போட்டிருக்கு. அது இவுகளைச் சேத்தா, சேக்காமயா சார்?"

திருமேனி அந்த வரியை மறுபடி படித்தார்.

"எரித்திரியாவை அமுக்குனா மழைக்கணக்கு. பனாமாவை அமுக்குனா ஒரு கால்வாய். நாலு நாளா நாடு நாடாப் போறேன். ஒரு நாட்டுலயும் அவுக இல்ல." எழுந்தாள். "இருங்க, டீ போடுதேன்."

அவள் உள்ளே போனதும் தேவசேனா சொன்னார்.

"லிங்க்கை எடுங்க."

திருமேனி தன் போனை எடுத்தார். பனாமா போயிற்று. கிரீஸ் போயிற்று. முப்பத்தாறும் போயின. ஒன்று மிஞ்சியது. பெயர்ப்பட்டியல். அது அவர் போட்டதில்லை. வேறு யாரோ முன்பே போட்டு வைத்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது திறந்தார். பதினொரு பேர். ஏழாவது லசார். தகப்பன் பேரும் ஊரும் சரியாக இருந்தன.

"அம்மா..."

"தெரியும். காலையில பார்த்தேன்."

"இதையும் எடுத்துடட்டுமா? ரெண்டு நாள் போகட்டும். சொந்தக்காரங்க யாராவது வந்து பக்குவமாச் சொல்லட்டும்."

"நாலு நாள் போயாச்சு சார்."

ரெஜினா டீயோடு வந்தாள்.

"சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன். வயசானவுகன்னா சுகர் இருக்கும்ல."

உட்கார்ந்து போனில் பக்கத்தை மறுபடி திறந்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள்.

"ஆத்தாடி, எல்லாம் கறுப்பாயிட்டு. ஒண்ணுதான் நீலமா இருக்கு." நிமிர்ந்தாள். "இதுல இவுக பேரு இருக்கா சார்?"

தேவசேனா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய் ரெஜினாவை ஒட்டி உட்கார்ந்தார்.

திருமேனி ஆரம்பித்தார்.

"அதாவதும்மா... அந்தக் கடல் இருக்கு பாருங்க, அது ரொம்ப மோசமான கடல். எரித்திரியாக் கரையில மட்டும் நூத்துக்கு மேல தீவு. பூரா பவளப்பாறை. மீட்புப் படகு போறதுன்னா..."

"சார்," என்றார் தேவசேனா. "அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."