ஆள்காட்டியின் நாலாவது முட்டை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் ஒன்றையொன்று யோசனை கேட்கும் வழக்கமும் இருந்தது. கேட்காமலே இருந்திருக்கலாம், என்ன செய்ய.

ஏரிக்கரைச் சரளைக்கல் நடுவே ஓர் ஆள்காட்டி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். மூன்றை எருமைகள் மிதித்துவிட்டன. மிஞ்சிய ஒன்றின் மேல் வெயில், மழை பார்க்காமல் அடைகாத்தாள். ஆனால் நாள் ஏற ஏற முட்டையின் கனம் குறைந்துகொண்டே வந்தது. காலால் புரட்டும்போதெல்லாம் அவளுக்கு அது தெரிந்தது.

"கூமுட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். அது வெடித்தால் நாற்றத்துக்கு நரி வரும். எங்கள் கூடுகளும் போகும்" என்றன அக்கம்பக்கத்துப் பறவைகள்.

முட்டையோடு கொக்காரிடம் போனாள். அந்த ஏரியில் அவர் அளவைதான் கடைசிப் பேச்சு. விளிம்பு தட்ட நீர் நிரப்பிய சிரட்டையில் பொருளை முழுக்க அமுக்குவார். வழிகிற நீரைச் சிந்தாமல் பிடிப்பார். பிறகு தராசில் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் அந்த நீர். சொத்தை விதை எதுவும் அவரிடம் தப்பியதில்லை.

"அண்ணே, எனக்கு இருக்கிறதே இது ஒன்றுதான். பார்த்துச் சொல்லுங்கள்."

"நான் சொல்ல என்ன இருக்கிறது தங்கச்சி, தண்ணீர் சொல்லும்."

முட்டை நீரில் மிதந்தது. லேசாக ஆடியது. காற்றுக்கு ஆடுகிறது என்று நினைத்து, காற்று அடங்கும்வரை கொக்கார் காத்திருந்தார். அவர் நிதானத்துக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு அலகால் அமுக்கி, வழிந்த நீரைப் பிடித்து, தராசைத் தூக்கினார். நீரின் பக்கம் தாழ்ந்தது.

"நல்ல முட்டை, தான் தள்ளிய நீரைவிடக் கனமாக இருக்கும். இது லேசு. உயிர் இல்லை. உடைத்துவிடு."

"இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்கிறேனே, அண்ணே."

"நாளைக்கு இன்னும் லேசாகத்தான் இருக்கும்."

வேறு யார் அலகும் படக் கூடாது என்று அவளே கொத்தினாள். ஒரே கொத்து.

உள்ளே குஞ்சு இருந்தது. கால், அலகு, ஈரத் தூவி எல்லாம் வந்துவிட்ட குஞ்சு. வெளியே வர ஓட்டுப் பக்கம் திரும்பியிருந்த அதன் தலையில் தாயின் கொத்து இறங்கியிருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்தது, அவ்வளவுதான்.

கொக்கார் அதுவரை பார்த்த முட்டைகளெல்லாம் இட்ட சூட்டோடு வந்தவை. அடைகாத்து முற்றிய முட்டையை யாரும் கொண்டுவந்ததில்லை. இதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை. குஞ்சு வளர வளர ஓட்டின் வழியே ஈரம் வற்றி, முதல் மூச்சுக்கு வேண்டிய காற்று உள்ளே சேர்ந்திருக்கிறது. அதனால்தான் கனம் குறைந்தது.

"அளந்ததில் பிசகு இல்லை, தங்கச்சி" என்றார் கொக்கார்.

அவள் உடைந்த ஓட்டின் மேலேயே போய் உட்கார்ந்தாள். குஞ்சு சில்லிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. ஆறுதல் சொல்ல நெருங்கியவர்களைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் ஏரியே அதிர்ந்தது. அதோடு அவளுக்குப் பேச்சும் போயிற்று.

அன்று முதல்தான், வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று ஆள்காட்டி பார்ப்பதில்லை. தூரத்தில் தலை தெரியும்போதே கத்தத் தொடங்கிவிடுகிறாள்.