செம்பியின் அவசரம்

தாமரைக் குளத்தில் செம்பி, பவளம் என்று இரண்டு மஞ்சள் மீன்கள் அண்டை வீட்டுக்காரிகள். இருவரும் ஒரே நாளில்தான் முட்டையிட்டார்கள். பவளம் முட்டை ஒட்டிய கல் வெயில் விழும் கரையோரம். செம்பியின் கல் மருதமர நிழலில்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பவளத்தின் குஞ்சுகள் முதலில் பொரிந்தன, முதலில் நீந்தின. அவை தாயை மொய்த்துக்கொண்டு திரிவதைப் பார்த்துச் செம்பிக்கு வயிறு எரிந்தது.

செம்பியின் குஞ்சுகளோ பொரிந்தும், கல்லடியில் அவள் தோண்டிய குழியில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டின. முட்டையின் மஞ்சள் கரு ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூட்டையாய்த் தொங்கியது.

"அவ பிள்ளைங்க ஊர் சுத்துது. என் பிள்ளைங்க மட்டும் தொந்தியும் தானுமா கிடக்குதே!" என்று கணவன் மஞ்சனிடம் பொருமினாள்.

"அது தொந்தி இல்லடி, கட்டுச்சோறு! தின்னு தீர்த்ததும் தானா நீந்தும். கொஞ்சம் பொறு!"

"அதுவரைக்கும் அவ முன்னால நான் தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

அந்நேரம் பார்த்துப் பவளம், "பிள்ளைங்க சௌக்கியமா அக்கா?" என்று கேட்டு வைத்தாள். பாவம், அன்பாகத்தான் கேட்டாள். செம்பிக்கு அது குத்தலாகப் பட்டது.

மஞ்சன் இரை தேடப் போனதும் செம்பி குழியை வாலால் ஓங்கி விசிறினாள். "ம், கிளம்புங்க! நீந்துங்க!"

குஞ்சுகள் பிய்ந்துகொண்டு மேலே எழும்பின. "பார்த்தியா பவளம், என் பிள்ளைங்களை!" என்று செம்பி பூரித்துப்போனாள்.

ஒரு நொடிதான். மூட்டையின் கனத்தில் அத்தனையும் தலைகுப்புற விழுந்தன. பாசிக்குள் கிடந்த கெளுத்தி வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" செம்பி அலறினாள். அகப்பட்டவற்றை வாயில் கவ்விக் கவ்விக் குழியில் போட்டாள். பவளம் தன் குஞ்சுகளைக் கணவனிடம் விட்டுவிட்டு ஓடிவந்து, கெளுத்தியை முட்டி முட்டி விரட்டினாள்.

முந்நூறு குஞ்சுகளில் மிஞ்சியது இருபது.

மூன்றாம் நாள் காலை, யாரும் விரட்டாமலே அந்த இருபதும் குழியை விட்டு எழுந்து நீந்தின. பெற்றவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "எல்லாமே நீந்தியிருக்குமே!" என்று விம்மி விம்மி அழுதாள்.

அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துப் பொறாமையில் அவசரப்படுகிறவர், கடைசியில் தம் பிள்ளையைத்தான் பறிகொடுப்பார்.