தலைமேல் மதகுக் கட்டை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைக் குணவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்பதைவிட, அவருக்குக் காலையில் தோன்றியதை மாலைக்குள் சரிசெய்யும் வேலையை மந்திரி ஆதிச்சன் பார்த்து வந்தார் என்று சொல்வதே சரி.

அந்த வருஷம் ராஜாவின் மனதைக் கொள்ளைகொண்டது ஒரு கோல். அளவை அதிகாரி பூதியார் கொண்டுவந்து கொடுத்தது. பத்துச் சம பாகமாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி பத்தாகக் கீறியிருந்தார்கள். மந்திரி வேலையின் மேல் பூதியாருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அரசே, விரல் பத்து. கணக்கும் பத்தில்தான் ஓட வேண்டும். அரை, கால், முக்கால், மூன்றில் ஒன்று என்பதெல்லாம் சந்தைக்கூச்சல்" என்றார் பூதியார்.

மறுநாளே முரசு அறைந்தார்கள். அந்தச் சொற்களை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எந்த அளவானாலும் முழு எண்ணைச் சொல்லி, பிறகு பத்தின் பாகங்களைத் துளி மிச்சமில்லாமல் சொல்ல வேண்டும். மீறுகிறவர் யாரானாலும் ஏரியில் இறங்கிப் பத்துக் கூடை வண்டல் சுமக்க வேண்டும். 'துளி மிச்சமில்லாமல்' என்பதும் 'யாரானாலும்' என்பதும் பூதியார் சேர்த்தவை.

அன்றிலிருந்து ஆதிச்சனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் ஒரே கூட்டம்.

"சாமி, துணி மூணேமுக்கால் முழம் வேணும்னு..." என்று நெசவாளி ஒருவர் ஆரம்பிப்பார்.

"மெதுவா! காவலாள் நிற்கிறான். முழுசு மூன்று. ஒரு முழத்தைப் பத்தாகப் பிரித்தால் மிச்சத்தில் ஏழு பாகம். ஒரு பாகத்தை மறுபடி பத்தாக்கினால் மிஞ்சுவதில் ஐந்து. மூன்று, ஏழு, ஐந்து. போய்ச் சொல்லும்."

"இதுக்கு நான் முழுசா நாலு முழ வேட்டியே நெய்துக்கறேன் சாமி."

கோலில் தப்பில்லை என்பது ஆதிச்சனுக்குத் தெரியும். பழகினால் சுலபம்கூட. அதைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

இப்படியிருக்க, ஏரிப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் வந்தது. ஒரு நாளைக்கு ஏழு நாழிகைத் தண்ணீர். மூன்று ஊருக்கும் சம பங்கு. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ஊரின் தலைவர் மாசாணம் சபைக்கு ஓடிவந்தார். அவர் கையில் கருகிய நெற்பயிர் ஒரு பிடி.

"ஐயா, இன்னிக்குத் தண்ணி வரலேன்னா ஊரே பட்டினி. எங்களுக்கு ரெண்டு நாழிகையும் மூணிலே ஒ..."

ஆதிச்சன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"பங்கைப் பத்தில் முழுசாகச் சொல்லாமல் மதகைத் திறக்க முடியாது" என்றார் பூதியார் இனிப்பாக. "மந்திரியாருக்குத் தெரியாதென்றால் அவர் பதவியை விட்டுப் போகட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஆதிச்சன் பூதியாரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கோலைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த மதகுக் கட்டையைப் பார்த்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்ப் பங்கு சொல்லி முடிக்கும்வரை ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு, ஒரு காலத்தில் மதகை அடைத்திருந்த பழைய மரக்கட்டையைத் தலையில் தாங்கி நிற்க வேண்டும். பங்கிடும் தண்ணீரின் கனம் ஆள்பவருக்குத் தெரியட்டும் என்று யாரோ முன்னோர் வைத்தது. ஒரு மூச்சில் பங்கு சொல்லி முடிந்துவிடும் என்பதால் எந்த ராஜாவும் முணுமுணுத்ததில்லை.

"தெரியும் அரசே. கட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார் ஆதிச்சன்.

நாலு பேர் தூக்கி வைத்தார்கள். ராஜா நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஊருக்கு முழுசாக இரண்டு நாழிகை. ஒரு நாழிகை மிச்சம். அதைப் பத்தாக்கினால் ஊருக்கு மூன்று. ஒன்று மிச்சம். அதைப் பத்தாக்கினால் மூன்று. ஒன்று மிச்சம். அதைப் பத்தாக்கினால் மூன்று. ஒன்று மிச்சம்..."

சபை முதலில் கேட்டது. பிறகு கொட்டாவி விட்டது. ராஜாவின் கழுத்து தோளுக்குள் இறங்க ஆரம்பித்தது.

"இன்னும் எவ்வளவு ஐயா?" என்றார் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மிச்சம் தீரவில்லை அரசே. மூன்று. ஒன்று மிச்சம்..."

பூதியாருக்கு வியர்த்தது. "போதும், நிறுத்தும்! மிஞ்சுவது ஒரு சொட்டு."

மாசாணம் விடவில்லை. "அந்தச் சொட்டு எந்த ஊருக்குக் குறையும் சாமி? மேலே இருக்கிறவன் குறைச்சுக்குவானா? தினம் ஒரு சொட்டுன்னாலும் வாய்க்கால் கடைசியிலே இருக்கிற எங்களுக்குத்தானே குறையும்!"

"துளி மிச்சமில்லாமல் என்பது சட்டம்" என்றார் ஆதிச்சன். "பூதியார் வேண்டுமானால் முடித்துக் கொடுக்கட்டும்."

பூதியார் விரலை மடக்கினார். பத்து விரலும் மடங்கின. மிச்சம் அப்படியே இருந்தது.

"மூன்று" என்றார் ஆதிச்சன். "ஒன்று மிச்சம்."

"யோவ்!" என்று அலறினார் ராஜா. "கழுத்து ஒடிகிறதய்யா! ஊருக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துத் தொலையுங்கள்!"

கட்டை தடாலென்று தரையில் விழுந்தது. தண்டனைக்குரிய சொல்லைச் சொன்னது யாரென்று எல்லாருக்கும் தெரியும். ராஜாவுக்கும் தெரிந்துவிட்டது.

"பங்கு தீர்ந்தது. மதகைத் திறவுங்கள்!" என்று ஆதிச்சன் வாசலைப் பார்த்துக் கத்தினார். மாசாணம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

ராஜா கழுத்தைத் தடவியபடி உட்கார்ந்தார். "பத்துக் கூடை வண்டல், இல்லையா?"

"யாரானாலும் என்று சட்டத்தில் இருக்கிறது அரசே."

"சரி. சொன்னவன் நான். கோலை நீட்டியவர் பூதியார். என்னை நிற்க வைத்தவர் நீர். பத்துக் கூடையை மூன்று பேரும் சமமாகச் சுமப்போம்."

"உத்தரவு" என்றார் ஆதிச்சன். "ஆளுக்கு முழுசாக மூன்று. ஒரு கூடை மிச்சம். அதைப் பத்தாக்கினால் ஆளுக்கு மூன்று. ஒன்று மிச்சம். அதைப் பத்..."

"வாயை மூடும்!" ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "பத்தையும் பூதியாரே சுமக்கட்டும்!"

அன்று சாயங்காலம் மாசாணத்தின் வயலில் தண்ணீர் ஏறியது. கோல் ஆதிச்சனிடம் வந்து சேர்ந்தது. தீர்கிற கணக்குக்குக் கோல், தீராத கணக்குக்குப் பழைய பேச்சு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஏரிக்கரையில் பூதியார் ஒவ்வொரு கூடையாக எண்ணிச் சுமந்தார். பத்தோடு தீர்ந்தது. மிச்சம் எதுவும் இல்லை.