ஒண்ணுகூடக் கடிக்கலை!

வடக்குக் காட்டு ஏரி உறைந்துவிட்டால் போதும், காட்டில் ஒருவருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. நரி, ஓநாய், கரடி, காக்கை எல்லாம் தூண்டிலோடு கிளம்பிவிடும். பனிக்கட்டியில் ஆளுக்கொரு ஓட்டை போடும். ஓட்டைக்குள் தூண்டில் கயிற்றை விட்டுவிட்டுப் பேச உட்காரும். அந்தப் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! சந்தைக்கடை தோற்றுப்போகும்.

அவர்கள் தேடி வருவது கிராப்பி மீனை. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, உள்ளங்கை அகலம், வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும்.

அந்த ஏரியில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எவனாவது "பிடிச்சுட்டேன்!" என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது. மொத்தக் கூட்டமும் தடதடவென்று ஓடிவரும். அவன் மூக்குக்கு நேராகவே ஓட்டை போடும். அந்தச் சத்தத்தில் பனிக்கட்டிக்குக் கீழே இருக்கும் மீனெல்லாம் ஓடிப்போகும். அப்புறம் பிடித்தவனுக்கும் மீன் கிடையாது, வந்தவனுக்கும் கிடையாது.

இதை நன்றாகக் கவனித்து வைத்திருந்தவன் மினுக்கன் என்ற மரநாய். அவனுக்கு அந்தப் பெயர் வந்தது அவன் வாலால். காலையில் எழுந்ததும் அதை நக்கி நக்கி மினுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

மினுக்கனுக்கு இன்னொன்றும் தெரியும். கிராப்பி மீன் அடித்தரையில் மேயாது. நடுத்தண்ணீரில் கூட்டமாக நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் புழு ஆடினால்தான் எழும்பி வரும். மற்றவர்களோ புழுவை அடிவரைக்கும் இறக்கிவிட்டு, "மீனே இல்லை, மீனே இல்லை" என்று புலம்புவார்கள். மினுக்கன் பாதியிலேயே நிறுத்திவிடுவான். மீனின் உதடு காகிதம் போல மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும் என்று மெல்ல மெல்லத் தூக்குவான். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னானா? மூச்!

மீன் மேலே வந்தால் அவன் கத்தவும் மாட்டான். பக்கத்துப் பனிக் குவியலுக்குள் அதைச் செருகி, குவியலின் மேலேயே உட்கார்ந்துகொள்வான். உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான். அந்த முகத்தைப் பார்த்தால் கல்லும் கரையும்.

"என்னப்பா மினுக்கா, ஏதாவது கடிச்சுதா?"

"எங்கே! ஒண்ணுகூடக் கடிக்கலை!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான்.

ஒருநாள் காலையில் அண்டங்காக்கை அஞ்சலை ஏரிக்கு மேலே கத்திக்கொண்டே பறந்தாள். "பனிப்புயல் வருது! சாயங்காலத்துக்குள்ள வந்துரும்! வந்தா லேசுல விடாது! பிடிக்கிறவங்க இப்பவே பிடிச்சுக்குங்க!"

மினுக்கனுக்கு வீட்டு நினைப்பு வந்தது. வீட்டில் மனைவி செவ்வந்தி இருக்கிறாள், வாண்டுகள் இருக்கின்றன. சேமிப்புப் பொந்தில் ஒரு செதில்கூட இல்லை. புயல் வருவதற்குள் மீனை வீடு சேர்த்தாக வேண்டும். மும்முரமாக வேலையில் இறங்கினான். அன்றைக்கு ஏரியும் மீனை வாரி வழங்கியது. உச்சிவேளைக்குள் குவியல் நிறைந்துபோனது. "இன்னும் கொஞ்சம் சேர்ந்தா புயல் முடியறவரைக்கும் கவலையில்லை" என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்போது நரி சாத்தப்பன் தள்ளாடிக்கொண்டே வந்தான். பாவம், அவன் எங்கே தூண்டில் போட்டாலும் அங்கே மீன் இருக்காது.

"மினுக்கா, ஒரே ஒரு மீன் இருந்தா குடுப்பா. வீட்டுல பிள்ளைங்க நேத்திலேர்ந்து பட்டினி. புயல் வேற வருதாம்!"

மினுக்கனின் முகம் தானாகவே தொங்கியது. "ஐயோ சாத்தப்பண்ணே! எனக்கே ஒண்ணுகூடக் கடிக்கலையே!"

"பாதி மீன் இருந்தாலும் போதும்டா!"

"இருந்தா குடுக்க மாட்டேனா? ஒரே ஒரு மீன் கடிச்சிருந்தாலும் இந்த வால் முடியெல்லாம் கொட்டிப்போகட்டும்!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி சத்தியம் செய்தான்.

அந்த நேரம் பார்த்து குவியலுக்குள் ஒரு மீன் படபடவென்று துள்ளியது. மினுக்கனும் மேலே குலுங்கினான்.

"என்னடா இப்படி ஆடறே?"

"குளிருண்ணே! பசியும் குளிரும் சேர்ந்துக்கிச்சு!"

சாத்தப்பனின் கண் கலங்கிவிட்டது. "அடப்பாவமே! உன் பாடு என் பாட்டைவிட மோசமா இருக்கே!" என்றவன், தன் பசியை மறந்து நேராகக் கரடி பூதம்மாவிடம் ஓடினான்.

பூதம்மா குளிர்காலத் தூக்கத்தில் இருந்து பசி தாங்காமல் எழுந்து வந்தவள். அவள் சொன்னால் ஏரியில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவள் ஓங்கி ஒரு மிதி மிதித்தாலே பனிக்கட்டி ஓட்டையாகும், அதனால் மறுத்துப் பேசுவது அவ்வளவு நல்லதும் இல்லை. ஆனால் மனசு தங்கம். சாத்தப்பன் சொன்னதைக் கேட்டதும் தொம் தொம்மென்று மினுக்கனிடம் வந்தாள்.

"ஏண்டா மினுக்கா, காலையிலேர்ந்து ஒண்ணுகூடக் கடிக்கலையா?"

"இல்லைக்கா... ஒண்ணுகூட..."

"அப்போ இந்த இடமே ராசியில்லாத இடம்! நீ என் பக்கத்துல வந்து உட்காரு!"

மினுக்கனுக்குப் பகீரென்றது. "வேண்டாம்க்கா! எனக்கு இந்த இடமே போதும்! சத்தியமா போதும்!"

"பார்த்தீங்களா, எவ்வளவு மானஸ்தன்! வயிறு காயுது, அப்பவும் ஒருத்தர்கிட்ட உதவி வாங்கக் கூசறான்!" என்றாள் பூதம்மா. கூட்டமெல்லாம் "பாவம்! பாவம்!" என்று உச்சுக்கொட்டியது. அவள் அவன் பிடரியைக் கவ்வினாள். அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஏரியின் நட்டநடுவில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நாலைந்து பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து தைரியம் சொன்னார்கள்.

மினுக்கன் மெதுவாக எழுந்தான். "கொஞ்சம்... ஒதுங்கிட்டு வந்துடறேனே."

"உட்காருடா! நாங்க இருக்கோம்ல!"

உட்கார்ந்தான். ஆனால் கண் மட்டும் அந்தக் குவியலைவிட்டு நகரவில்லை.

"அங்கே என்னத்தைப் பார்க்கறே?" என்றாள் அஞ்சலை.

"ஒண்ணுமில்லையே! சும்மா மேகத்தைப் பார்த்தேன்!"

இந்தப் பக்கம் சாத்தப்பன் யோசித்தான். 'ராசியில்லாத இடமா இருந்தா என்ன? நமக்குத்தான் எந்த இடத்துலயும் ராசி கிடையாதே!' மினுக்கனின் ஓட்டைக்குள் தூண்டில் கயிற்றை இறக்கினான். வழக்கம்போல அடிவரைக்கும் இறக்கினான். பிறகு அசதியோடு குவியலின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். குவியல் சரிந்தது. சாத்தப்பன் குப்புற விழுந்தான். எழுந்து பார்த்தால் அவனைச் சுற்றி மீன், மீன், மீன்!

"ஐயோ! இங்கே வந்து பாருங்க! மீனு!"

அவ்வளவுதான், ஏரியே திரண்டு ஓடியது. மினுக்கன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். வேறு யாராக இருந்தாலும் "நான் பிடிச்சேன்" என்று அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். சாத்தப்பன் அப்படிச் செய்யவில்லை. "இது நான் பிடிச்சது இல்லை. யாருதுப்பா இது?" என்று கேட்டான்.

பூதம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"மினுக்கா, காலையிலேர்ந்து நீதானே இங்கே உட்கார்ந்திருந்தே. இது உன்னுதா?"

மினுக்கன் வாயைத் திறந்தான். கூட்டம் முழுவதும் அவன் வாலையே பார்த்தது. சாத்தப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். ஆமாம் என்றால் பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மீன்கூடத் தராதவன் என்று காடே காறித் துப்பும். இல்லை என்றால் வீட்டுப் பிள்ளைகள் பட்டினி. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது, தாங்கவும் முடியாது.

வாலை இறுகப் பிடித்துக்கொண்டு மென்று விழுங்கினான். "எ... என்னுது இல்லைக்கா."

"அப்படின்னா இது ஏரி குடுத்தது!" என்று பூதம்மா முழங்கினாள். "புயலுக்கு முன்னாடி நம்ம எல்லாருக்கும் குடுத்திருக்கு! வீட்டுக்கு ஒண்ணா எடுத்துக்குங்க! சாத்தப்பா, கண்டெடுத்தவன் நீ, உன் வீட்டுல வாயும் அதிகம், நீ நாலு எடுத்துக்கோ! அப்புறம் இந்த மினுக்கன். பாவம், காலையிலேர்ந்து ஒண்ணுகூடக் கடிக்காதவன்! இவனுக்கு ரெண்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அஞ்சலை அவன் முதுகில் தட்டி, "நன்றி சொல்லுப்பா!" என்றாள்.

"நன்றி... ரொம்ப நன்றி" என்றான் மினுக்கன். உதடு கிழியாமல் ஒவ்வொன்றாகப் பதமாகத் தூக்கிய மீனெல்லாம் அடுத்தவர் வாயில் தொங்கிக்கொண்டு நாலு பக்கமும் போவதைப் பார்த்தபடி நின்றான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காற்று ஊளையிட ஆரம்பித்திருந்தது. "நாள் பூரா உட்கார்ந்து ரெண்டே ரெண்டா?" என்றாள் செவ்வந்தி.

"இதுவும் அவங்க குடுத்ததுதான்."

"சும்மாவே குடுத்தாங்களா? எவ்வளவு நல்ல மனசு!"

அந்த நேரம் வாசலில் யாரோ செருமினார்கள். உடம்பெல்லாம் பனியோடு சாத்தப்பன் நின்றான். ஒரு மீனைக் கீழே வைத்தான். "ரெண்டு மீன் உன் பிள்ளைங்களுக்கு எப்படிப் பத்தும்? எனக்குத்தான் நாலு இருக்கே. வச்சுக்கடா."

மீனின் உதட்டில் மினுக்கனின் தூண்டில் முள் பதிந்த தடம் அப்படியே இருந்தது. மினுக்கனுக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணே, அந்த மீனெல்லாம்..."

"அதான் ஏரி குடுத்ததாச்சே! நான் வரேன், புயல் வந்துட்டுது!"

"அண்ணே, நில்லுங்க!" மினுக்கன் பனிக்குள் ஓடினான். "இனிமே புழுவை அடிவரைக்கும் இறக்காதீங்க! பாதியிலேயே நிறுத்துங்க! கடிச்சா மெதுவாத் தூக்குங்க!"

"அட! இது உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் ஒண்ணுகூடக் கடிக்கிறதே இல்லையே!" என்று சிரித்துக்கொண்டே சாத்தப்பன் ஓடிவிட்டான்.

மினுக்கன் உள்ளே வந்து உட்கார்ந்தான். செவ்வந்தி தரையில் குனிந்து எதையோ பொறுக்கினாள்.

"என்னங்க இது, உங்க வால் முடியா? இப்படிக் கொத்துக் கொத்தாக் கொட்டுதே!"

மினுக்கன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். இந்தத் தடவை அது நடிப்பு இல்லை.

இருப்பதை இல்லையென்று சாதிக்கிறவனுக்கு, அவனுடைய பொருளே அடுத்தவர் போடும் பிச்சையாகத்தான் வந்து சேரும்.