இரண்டு பலகைகள்

"அம்மா, நம் கூட்டத்தில் ஒற்றன் ஒருவன் இருக்கிறான்" என்றார் லிக்கோன்.

அலெக்சாந்திரியாவில் கலிஸ்தா நடத்திய ஞானப் பள்ளியில் அவர்தான் மூத்த மாணவர். ஆசிரியையைவிடவே பத்து வயது மூத்தவர். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

"யார்?"

"போன மாதம் வந்து சேர்ந்தானே, அந்த சாபாஸ். நீங்கள் வாயைத் திறந்தால் போதும், எழுத ஆரம்பித்துவிடுகிறான்."

விடியலில் சூரியனுக்குச் சாம்பிராணி போடக் கூடாது என்பது கிறித்தவப் பேரரசரின் ஆணை. கலிஸ்தா ஒரு நாளும் விடாமல் போட்டுவந்தார். விஷயம் ஆளுநர் காதுக்குப் போனால் பள்ளிக்குப் பூட்டு, ஆசிரியைக்கு நாடுகடத்தல். இந்தப் பள்ளியை விட்டால் லிக்கோனுக்குப் போக்கிடம் இல்லை.

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

லிக்கோன் சால்வைக்குள்ளிருந்து மெழுகு பூசிய எழுத்துப் பலகை ஒன்றை எடுத்தார். சாபாஸ் கைகழுவப் போன நேரத்தில் சுருட்டியது. அதற்காக அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"நான் பார்க்கவில்லை, அம்மா. நீங்களே படியுங்கள்."

கலிஸ்தா உரக்கப் படித்தார்.

"'எல்லாம் அந்த ஒன்றிலிருந்து வந்தவை. வந்த பக்கம் திரும்புகிற உயிர் வீடு சேரும் என்றார் அம்மா. திரும்புவது எப்படி? எனக்குப் புரியவில்லை. நாளை கேட்க வேண்டும்.'"

"வேறே?"

"இவ்வளவுதான்."

லிக்கோனின் முகம் சுருங்கியது. "விவரமான பயல். நாம் எடுத்துப் பார்ப்போம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான்."

"இருக்கலாம். நீங்களும் ஒரு மாதமாக எழுதுகிறீர்களே. உங்கள் பலகை எங்கே?"

லிக்கோன் தயங்கித்தான் கொடுத்தார். கலிஸ்தா அதே குரலில் அதையும் படித்தார்.

"'முதல் நாள், தாமதமாக வந்தான். தூணோரம் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள், மீன்காரனிடம் ஏதோ பேசினான். ஒன்பதாம் நாள் விடியலில் அம்மா சூரியனுக்குச் சாம்பிராணி போட்டார். அவன் வாசலில் நின்று பார்த்தான்.'"

லிக்கோன் தரையைப் பார்த்தார்.

கலிஸ்தா இரண்டு பலகைகளையும் அவர் மடியில் வைத்தார்.

"ஆளுநரின் ஆட்கள் இப்போது வாசலில் வந்து நின்றால், லிக்கோன், இதில் எதை ஒளிப்பீர்கள்?"

லிக்கோனின் கட்டைவிரல் தன் பலகையின் மெழுகில் கீறியிருந்த எழுத்தை அழுத்தித் தேய்க்கத் தொடங்கியிருந்தது.