மருதமரப் பாலமும் கீரி கட்டிய வரிசையும்

ஆற்றின் நடுவே ஒரு மண்திட்டு இருந்தது. கோடை முழுக்க அங்கே மேய்ந்து திரிந்த விலங்குகள் மழைக்காலம் வருவதை மறந்தே போயின. ஒரு நாள் காலையில் ஆறு சீறிக்கொண்டு வந்தது. திட்டைச் சுற்றி வெள்ளம் சுழித்தது. நீந்திப் போக வழியில்லை. கரைக்குப் போக இருந்த ஒரே பாதை, குறுக்கே விழுந்து கிடந்த மருதமரம்தான்.

"நான்தான் முதல்ல!" என்று எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மரம் கிடுகிடுவென ஆடியது. முள்ளம்பன்றி வழுக்கி விழப்போய், கிளையைப் பற்றித் தப்பியது.

"நில்லுங்க! ஒவ்வொருத்தராத்தான் போகணும். நான் வரிசை கட்டுறேன்!" என்று கத்தியது துடியன் என்னும் கீரி. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால்கள் அதற்கு. யோசிப்பதற்குள் ஓடிவிடும்.

வேறு வழியில்லாமல் எல்லாம் ஒப்புக்கொண்டன. துடியன் இரண்டிரண்டு பேராக நிறுத்திப் பார்த்தது.

முயலும் முள்ளம்பன்றியும் வந்தன. "முயலக்கா வேகமாப் போவாங்க. அவங்க முன்னால!"

முள்ளம்பன்றியும் மானும் வந்தன. "முள்ளம்பன்றி வயசுல மூத்தவர். அவர் முன்னால!"

மான் விடவில்லை. "அப்படின்னா என்னையும் முயலையும் ஒப்பிட்டுப் பாரு! யார் உயரம்?"

"நீதான் உயரம். நீ முன்னால!"

மான் முயலுக்கு முன்னே போனது. "மூத்தவன் நான் மானுக்குப் பின்னாலயா?" என்று முள்ளம்பன்றி மானை முந்தியது. "என்னைவிட மெதுவா நடக்கிறவர் எனக்கு முன்னாலயா?" என்று முயல் அதையும் முந்தியது. உடனே மான் முயலை இடித்துக்கொண்டு முன்னே வந்தது. வரிசை செக்குமாடு போலச் சுற்றியது. ஒருவரும் மரத்தில் கால் வைக்கவில்லை.

"இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? பெரியவன் நான் போறேன்!" என்று உறுமியது காட்டெருமை.

துடியன் அதை மறித்துவிட்டு அங்கும் இங்கும் ஓடியது. அதற்கு மூச்சிரைத்தது. சொன்ன தீர்ப்பு ஒவ்வொன்றும் சரியாகத்தானே இருந்தது? பிறகு ஏன் வரிசை நிற்கவில்லை?

அப்போது முயல் வீறிட்டது. "ஐயோ, என் குட்டி!"

தண்ணீர் திட்டின் மேல் ஏறியிருந்தது. முயல்குட்டி கழுத்தளவு நீரில் தத்தளித்தது. துடியன் பாய்ந்து அதன் பிடரியைக் கவ்வித் தூக்கியது. நிமிர்ந்தபோது எதிரே காட்டெருமையின் கால்கள் தெரிந்தன. அதே தண்ணீர் அங்கே குளம்பைத்தான் நனைத்திருந்தது.

துடியனுக்குச் சுருக்கென்று உறைத்தது. 'எதுக்காகப் போறோம்னு கேட்காம, ஆளுக்கு ஒரு நியாயம் பேசினேனே!'

குட்டியை முயலிடம் கொடுத்துவிட்டுக் கத்தியது. "வேகம், வயசு எதுவும் வேண்டாம்! யாரைத் தண்ணி முதல்ல மூழ்கடிக்குமோ அவங்க முதல்ல! குட்டையானவங்க முன்னால, நெட்டையானவங்க பின்னால. எல்லாருக்கும் இது ஒண்ணுதான் கணக்கு!"

"நானும் அந்த முயலும் ஒரே உயரமாச்சே?" என்று இன்னொரு முயல் பதறியது.

"சமமா இருந்தா, இப்போ யார் முன்னால நிக்கிறாங்களோ அவங்களே முன்னால. இடம் மாற வேண்டாம்!"

அதன்பின் யாரும் யாரையும் முந்தவில்லை. முயல்கள் குட்டிகளோடு போயின. முள்ளம்பன்றி போனது. மான் போனது. துடியன் தன் முறை வந்தும் போகாமல், வரிசை கலையாதபடி பார்த்துக்கொண்டு நின்றது. வயிறு வரை தண்ணீர் ஏறிய பிறகே மரத்தில் தாவியது.

கடைசியாகக் காட்டெருமை ஏறியது. கரையை நெருங்கும்போது மரம் மளமளவென முறிந்தது. அது ஒரே எட்டில் பாய்ந்து கரைச் சேற்றில் விழுந்தது. உடைந்த மரம் வெள்ளத்தோடு போய்விட்டது.

காட்டெருமை சேற்றை உதறிக்கொண்டு எழுந்தது. "தம்பி, நான் முதல்ல போயிருந்தா மரம் அப்பவே முறிஞ்சு, நீங்க எல்லாரும் அங்கேயே மாட்டியிருப்பீங்க!" என்றது. முயல் தன் குட்டியை இறுக அணைத்துக்கொண்டது.

ஆளுக்கொரு அளவுகோலால் அளந்தால் வரிசை ஒருநாளும் நிற்காது. காரியம் எது என்று அறிந்து, எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நியாயம்.